டீசல் போற பாதையை யார் யோசிக்கிறாங்க?

ட்ராக்டர் வாங்கப் போறவங்க ஷோரூம்ல என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எத்தனை ஹெச்பி, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும், ரோட்டவேட்டர் இழுக்குமா, லோன் எவ்வளவு கிடைக்கும், பழைய வண்டியை என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க. இதைத் தாண்டி கேள்வி வராது. டேங்க்ல இருந்து நாசில் வரைக்கும் டீசல் எந்த வழியாப் போகுதுன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்டாலும் விக்கிறவருக்குப் பதில் தெரியாது.

ஆனா அந்த வண்டி பத்து வருஷம் வயல்ல நிக்குமா, இல்ல நாலாவது வருஷத்துல இருந்து பம்ப் கடைக்கு நடையா நடக்குமாங்கிறதை முடிவு பண்ற விஷயங்கள்ல அந்தப் பாதையும் ஒண்ணு. இன்ஜின் தேயுதுன்னு சொன்னா எல்லாரும் பிஸ்டன், ரிங்கு, லைனர்னுதான் யோசிக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே தேயறது இன்ஜெக்‌ஷன் பம்பும் நாசிலும். அது தேயறதுக்குப் பாதி காரணம் குழாய் போட்ட விதம். என் கட்சி இதுதான்: குழாய் பாதையை வரையறவங்க சேத்தையும், தனியா வேலை பாக்குற டிரைவரையும் மனசுல வச்சு வரையணும். இன்னைக்கு நிறைய வண்டிகள்ல அப்படி வரையலை.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு இது எதுக்குன்னு தோணலாம். ரெண்டு காரணம். ஒண்ணு, டெல்டா நெல்லு எதுவும் இன்னைக்கு டீசல் இன்ஜினைத் தொடாம உங்க தட்டுக்கு வர்றதில்லை. சேறு அடிக்கிறது, அறுக்கிறது, கொள்முதல் நிலையத்துக்கு ஏத்துறது எல்லாமே டீசல். ரெண்டாவது, இந்த இன்ஜின்களை கம்ப்யூட்டர்ல வரையற பிள்ளைங்க உங்க தெருவுலதான் இருக்காங்க. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர்னு கம்பெனி பஸ் ஏறிப் போறவங்க. அவங்க காதுல விழணும்னுதான் எழுதறேன்.

முடியை விட மெல்லிய இடைவெளி

முதல்ல பாதை என்னன்னு பாத்துடுவோம். டேங்க்ல இருந்து டீசல் கிளம்புது. ஒரு ஃபீட் பம்ப் அதை இழுத்து ஃபில்டருக்கு அனுப்புது. ஃபில்டர்ல வடிகட்டி இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வருது. நம்ம ஆளுங்க இதைச் சும்மா பம்ப்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பம்பு டீசலை ஓங்கி அழுத்தி, இரும்புக் குழாய் வழியா ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புது. நாசில் அதைப் புகை மாதிரி தூத்தலா அடிக்குது. மிச்சம் வர்ற டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்குத் திரும்புது.

பம்புக்குள்ள எலிமென்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு உருளை, அதுக்குள்ள ஏறி இறங்குற ஒரு தண்டு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். நம்ம தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். முடியை இருபதா கிழிச்சா வர்ற இடைவெளியில அந்தத் தண்டு ஓடுது. அதுக்குன்னு தனியா கிரீஸோ ஆயிலோ கிடையாது. போற டீசலேதான் அதுக்கு எண்ணெய். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும். டீசல்ல தூசி வந்தா தண்டு கீறும். தண்ணி வந்தா வழுவழுப்பு போகும், துரு பிடிக்கும். காத்து வந்தா வெறும் இரும்பும் இரும்பும் உரசும். டீசல் சூடேறினா எண்ணெய்ப் படலம் மெலிஞ்சு போகும்.

தூசி, தண்ணி, காத்து, சூடு. இந்த நாலையும் தடுக்கிறது ஃபில்டர் மட்டும்னு பலபேர் நினைக்கிறாங்க. ஃபில்டர் தூசியை நிறுத்தும், கொஞ்சம் தண்ணியைப் பிடிக்கும். மத்ததெல்லாம் குழாய் எப்படிப் போகுதுங்கிறதைப் பொறுத்தது.

கிணத்து மோட்டார் சொல்ற பாடம்

இதுல படிச்சவங்களை விட எங்க ஊர் ஆளுங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பம்புசெட்டுக்கு சக்‌ஷன் பைப் போடத் தெரிஞ்ச யாருக்கும் டீசல் குழாய் போடத் தெரியும். ரெண்டுக்கும் விதி ஒண்ணுதான்.

கிணத்துல இருந்து மோட்டாருக்கு வர்ற சக்‌ஷன் பைப்பை நாங்க எப்படிப் போடுவோம்? எவ்வளவு குட்டையாப் போட முடியுமோ அவ்வளவு குட்டையா. பெண்டு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. பைப்பு மோட்டாரை நோக்கி ஏத்தமாவே வரணும். நடுவுல மேடு ஏறி இறங்கினா அந்த மேட்டுல காத்து தங்கிடும், தண்ணி ஏறாது. இதை எந்தப் பிளம்பரும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லை. ஒரு தடவை காத்து பிடிச்சு, மோட்டார் தொண்டை வறண்டு கத்தினதைக் கேட்டவங்களுக்கு அது மறக்காது.

டீசல் குழாயிலயும் அதேதான். டேங்கு தாழ்வா இருந்து, குழாய் நீளமாகி, நாலு இடத்துல ஒடிச்சுத் திருப்பி, உள்விட்டமும் சின்னதா இருந்தா ஃபீட் பம்ப் உறிஞ்சற பக்கம் வெற்றிடம் கூடும். டீசல்ல எப்பவும் கொஞ்சம் காத்து கரைஞ்சுதான் இருக்கும். வெற்றிடம் கூடினா அது நுரையா வெளிய வரும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. அந்தக் குமிழி பம்புக்குள்ள போய் அழுத்தத்துல உடையறப்போ, பக்கத்துல இருக்கிற இரும்பைச் சின்னச் சின்னதாக் கொத்தி எடுக்கும். பழைய பம்பைப் பிரிச்சா எலிமென்ட்ல அம்மைத் தழும்பு மாதிரி குழி இருக்கும். பார்க்கிறவங்க 'மட்டமான டீசல்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பல தடவை டீசல் மேல தப்பே இருக்காது.

அதனால முதல் விதி: உறிஞ்சற பக்கம் குட்டையா, அகலமா, நேரா இருக்கணும். வளைவு வேணும்னா முழங்கை மாதிரி ஒடியாம, வில்லு மாதிரி வளையணும். மேடு தவிர்க்க முடியலைன்னா, அந்த மேட்டு உச்சியிலயே காத்து எடுக்கிற ஸ்க்ரூ இருக்கணும். ரொம்ப மெல்லிசா வடிகட்டுற ஃபில்டரை உறிஞ்சற பக்கம் வைக்கக் கூடாது. முன்னாடி பெரிய கண் உள்ள சல்லடை, ஃபீட் பம்புக்கு அப்புறம்தான் மெல்லிய ஃபில்டர்.

கசிஞ்சா கண்ணுக்குத் தெரியணும்

அந்தக் காலத்து ஆயில் இன்ஜினைப் பார்த்திருக்கீங்களா? ராஜ்கோட்ல இருந்து வந்த லிஸ்டர் மாடல், பெரிய ஃப்ளைவீலோட டுக்கு டுக்குன்னு ஓடுமே, அதுதான். அதுல டேங்கு மேல உட்கார்ந்திருக்கும். டீசல் தன் கனத்துல கீழ இறங்கும். குழாய்ல எங்க ஓட்டை விழுந்தாலும் டீசல் வெளிய சொட்டும். துணியால துடைச்சுட்டு, எங்க ஈரம் வருதுன்னு பார்த்தா சங்கதி தெரிஞ்சிடும். பழைய ட்ராக்டர் பலதுலயும் பானட்டுக்கு அடியில, இன்ஜினுக்கு மேலதான் டேங்கு.

இப்ப வர்ற பல வண்டிகள்ல டேங்கு தாழ்வா, பக்கவாட்டுல இருக்கு. அதுல நியாயமும் இருக்கு. நிறைய டீசல் பிடிக்கும், இன்ஜின் சூட்டுல இருந்து தள்ளி இருக்கும், நிரப்பறதும் சுலபம். ஆனா ஒரு விஷயம் தலைகீழா மாறிடுச்சு. இப்ப குழாய்ல ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். வெளிய ஒரு சொட்டு ஈரம் இருக்காது. வண்டி மட்டும் திக்கும், விட்டு விட்டு ஓடும், புகையும். எங்கன்னு தேடறதுக்கு ஒரு நாள் போயிடும்.

போன சம்பா அறுவடையில எங்க வயல்ல நடந்ததைச் சொல்றேன். வாடகைக்கு வந்த பெல்ட் வண்டி காலையில ரெண்டு சுத்து சுத்தினதும் திக்க ஆரம்பிச்சது. டிரைவர் தம்பி வேலை தெரிஞ்ச பையன். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஏர் எடுத்தான். பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிக்கும். ஃபில்டரைத் தொடணும்னாலே ஒரு தகடு கழட்டணும். டேங்க்ல இருந்து வர்ற குழாயோ சட்டத்துக்குள்ள மறைஞ்சு போகுது. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கண்டுபிடிச்சான். சட்டத்து ஓரத்துல உரசி ரப்பர் குழாய்ல நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. முப்பது ரூபாய் குழாய்த் துண்டு. மாத்தறதுக்கு அஞ்சு நிமிஷம்.

அன்னைக்கு ராத்திரி மழை. கொள்முதல் நிலையத்துல நெல்லு 17 சதவீத ஈரத்துக்குள்ள இருந்தாதான் எடுப்பாங்க. சாய்ஞ்சு நனைஞ்ச கதிரை மூணு நாள் கழிச்சு அறுத்து, ரோட்டுல கொட்டிக் காயவச்சு, ஆள் கூலி குடுத்து, அதுலயும் கொஞ்சம் முளைவிட்டு... கணக்கை விடுங்க. அந்த வண்டிக்காரருக்கும் நஷ்டம்தான். அன்னைக்கு முழுக்க பம்பு காத்தைக் குடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு. அது எவ்வளவு தேய்ஞ்சிருக்கும்னு அடுத்த வருஷம்தான் அவருக்குத் தெரியும்.

இதுல இருந்து நான் கேக்கிறது ஒண்ணுதான். தப்பு நடந்தா அது கண்ணுக்குத் தெரியற மாதிரி பாதையைப் போடுங்க. சட்டத்துக்குள்ள மறைச்சா பார்க்க அழகா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா தாழ்வான டேங்கு வச்சா குழாய் முழுக்க கைக்கு எட்டற மாதிரி வெளிப்பக்கமா, சேறு படாம ஒரு காப்போட வரணும். இரும்பு விளிம்பைத் தாண்டற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம் போடணும். இணைப்புகளைக் குறைக்கணும். என் ட்ராக்டர்ல டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், 11 இணைப்பு. ஒவ்வொண்ணும் காத்து நுழைய ஒரு கதவு.

தண்ணி எங்க தங்கும்?

எங்க ஊர் மார்கழிப் பனியில வண்டி ராத்திரி வெளியில நிக்கும். பாதி டேங்கு காலியா இருந்தா, அந்தக் காலி இடத்துல இருக்கிற காத்தோட ஈரம் தகட்டுல வேர்த்து டீசல்ல இறங்கும். பங்க்ல இருந்து கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்தறப்போ சேருற தண்ணி தனி. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான் இருக்கும். தண்ணி ஒரு கிலோ. அதனால தண்ணி எப்பவும் அடியில போய் உட்காரும்.

இது தெரிஞ்சு டேங்கை வடிவமைச்சா பாதி வேலை முடிஞ்சது. அடிப்பகுதி ஒரு மூலையை நோக்கிச் சரியணும். அந்த மூலையில வடிகட்டுற ட்ரெயின் பிளக் இருக்கணும், அதுக்கு ஸ்பேனர் போக இடமும் இருக்கணும். உறிஞ்சற குழாய் டேங்கு அடியைத் தொடாம கொஞ்சம் மேல நிக்கணும். தண்ணி பிரிக்கிற கிண்ணம் ஃபீட் பம்புக்கு முன்னாடி வரணும். ஏன்னா ஃபீட் பம்புக்குள்ள போயிட்டா தண்ணி பொடிப்பொடித் துளியா உடைஞ்சு டீசலோட கலந்துடும். மோர் கடைஞ்ச மாதிரிதான். அப்புறம் பிரிக்கிறது கஷ்டம்.

அந்தக் கிண்ணம் கண்ணாடியா இருக்கணும், இல்லன்னா உள்ள தெரியற பிளாஸ்டிக்கா இருக்கணும். டிரைவர் ஏறி உட்கார்றதுக்கு முன்னாடி நின்ன இடத்துல இருந்தே தெரியணும். நான் பார்த்த ஒரு வண்டியில அது பின் சக்கரத்துக்கு உள்பக்கமா இருந்துச்சு. கேஜ் வீல் மாட்டிச் சேறு அடிச்சா ஒரு மணி நேரத்துல அது களிமண் உருண்டை. அதைத் திறந்து தண்ணி வடிக்கப் போனா வெளியில இருக்கிற சேறு உள்ள போகும். தண்ணியை எடுக்கப் போய் மண்ணைப் போட்ட கதை.

பக்கத்து சிலிண்டருக்கு எதுக்கு நீளக் குழாய்?

பழைய மாதிரி பம்பு உள்ள ட்ராக்டர் பானட்டைத் தூக்கிப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். பம்புல இருந்து நாலு இரும்புக் குழாய் நாலு சிலிண்டருக்குப் போகும். தூரத்துல இருக்கிற சிலிண்டருக்குக் குழாய் நேராப் போகும். பக்கத்துல இருக்கிறதுக்கு வேணும்னே சுத்தி வளைச்சு விட்டிருப்பாங்க. வீணா எதுக்கு இவ்வளவு குழாய்னு தோணும். அது வீண் இல்லை. நாலு குழாயும் ஒரே நீளமா இருக்கணுங்கிறதுக்காகத்தான்.

கணக்கு இதுதான். பம்பு ஒரு பக்கம் அழுத்தினா அந்த அழுத்தம் குழாய்க்குள்ள அலையா ஓடிப் போய் நாசிலைத் திறக்கும். டீசல்ல அந்த அலை நொடிக்கு ஏறக்குறைய 1300 மீட்டர் ஓடும். ஒரு குழாய் இன்னொண்ணை விட 30 சென்டிமீட்டர் நீளமா இருந்தா, அலை போய்ச் சேர 0.23 மில்லி செகண்ட் அதிகம் ஆகும். இது ஒரு நேரமான்னு கேட்கலாம். இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தறப்போ கிராங்க் ஒரு மில்லி செகண்டுல 12 டிகிரி திரும்பிடும். அப்ப 0.23 மில்லி செகண்டுன்னா ஏறக்குறைய 2.8 டிகிரி. டைமிங் ரெண்டு டிகிரி தப்பினாலே மெக்கானிக் சத்தத்தை வச்சுச் சொல்லிடுவார். முந்தி எரியற சிலிண்டர்ல தட்டற சத்தம், பேரிங் மேல அடி. பிந்தி எரியறதுல கரும்புகை. அதுல எரியாம மிச்சமாகுற டீசல் லைனர் மேல இருக்கிற ஆயிலைக் கழுவிடும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சீக்கிரம் தேயும்.

அதனாலதான் வெடிச்ச குழாய்க்குப் பதிலா 'கைவசம் இருந்தது'ன்னு வேற நீளத்துல, வேற உள்விட்டத்துல குழாய் மாட்டறதை நான் எதிர்க்கிறேன். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்விட்டம் மாறினா அலை மாறும். நாசில் மூடினதுக்கு அப்புறம் அலை திரும்பி வந்து மறுபடி ஒரு சொட்டுத் துப்ப வைக்கும். அந்தச் சொட்டு சரியா எரியாம நாசில் முனையில கரியாப் படியும்.

ஆடுற குழாய், சூடான டீசல்

அந்த இரும்புக் குழாய் படற பாட்டையும் சொல்லணும். நிமிஷத்துக்கு 2000 சுத்துன்னா ஒவ்வொரு குழாயிலயும் நிமிஷத்துக்கு 1000 தடவை டீசல் பாயும். பழைய இன்ஜின்லயே நாசில் 200 பார் அழுத்தத்துலதான் திறக்கும். ஒரு நாளைக்கு 10 மணி நேர உழவுன்னா 6 லட்சம் அடி. இதோட இன்ஜின் ஆட்டம் வேற. அதனாலதான் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்க ரப்பர் வச்ச கிளாம்ப் போட்டு அனுப்பறாங்க. எங்க ஊர் வண்டிகள்ல பாதியில அந்தக் கிளாம்ப் இருக்காது. சர்வீஸுக்குக் கழட்டினது திரும்ப மாட்டப்படலை. சில வண்டியில சைக்கிள் டியூப் கிழிச்சுக் கட்டியிருப்பாங்க. கிளாம்ப் இல்லாத குழாய் ஒண்ணோட ஒண்ணு உரசி ஓட்டையாகும், இல்லன்னா நட்டுக்குப் பக்கத்துல விரிசல் விடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்தக் குழாய்ல கசிவைக் கையால தடவித் தேடக் கூடாது. ஊசி ஓட்டை வழியா வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில முள் குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள சதை கெட்டுப்போகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்க. தோல்ல பட்டுட்டா ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரிட்டர்ன் லைன் விஷயத்தை யாரும் கண்டுக்கிறதே இல்லை. அதுல வர்றது சூடான டீசல், நுரையோட வரும். டீசல் 40 டிகிரியில இருந்து 80 டிகிரிக்குச் சூடேறினா அதோட பிசுபிசுப்பு பாதியாக் குறையும். நான் முன்னாடி சொன்ன 2 மைக்ரான் இடைவெளியில இருக்கிற படலமும் மெலியும். அதனால ரிட்டர்ன் டீசல் நேராத் திரும்ப பம்புக்கே போகக் கூடாது. டேங்குக்குப் போய், அங்க இருக்கிற டீசலோட கலந்து ஆறணும். டேங்குக்குள்ளயும் உறிஞ்சற குழாய்க்குப் பக்கத்துல கொட்டக் கூடாது. எதிர் மூலையில விழணும். குழாய் சைலன்சர் பக்கமாப் போகவே கூடாது. இவ்வளவுதான். இதுக்குப் பெரிய செலவு ஒண்ணும் இல்லை, வரையறப்போ யோசிக்கணும்.

நம்ம ஊர் வைத்தியம்

கம்பெனியை மட்டும் குறை சொன்னா அது நியாயம் இல்லை. நம்ம ஆளுங்க செய்யற வைத்தியத்தையும் சொல்லணும்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபை டீசல் குழாயாப் போடறது ஒண்ணு. டீசல் ஓடறது வெளியில தெரியுது, விலையும் குறைவு. ஆனா அந்தப் பிளாஸ்டிக்கை மெதுவா வச்சிருக்கிற சத்தை டீசல் உறிஞ்சிடும். கொஞ்ச நாள்ல அது குச்சி மாதிரி விறைச்சு, மாட்டின இடத்துல வெடிச்சு, காத்து இழுக்கும். டீசலுக்குன்னே வர்ற ரப்பர் குழாய்தான் போடணும்.

செம்புக் குழாய் இன்னொண்ணு. வளைக்கச் சுலபம்னு போடறாங்க. செம்பு ஆட்டத்துல இறுகி உடையும். அது மட்டும் இல்லை, டீசல் கெட்டுப் பிசினாகிறதைச் செம்பு வேகப்படுத்தும். துத்தநாகம் பூசின ஜிஐ குழாயும் அப்படித்தான். இரும்புக் குழாயே போதும்.

வாஷர் மூணாவது. இணைப்புல இருக்கிற செம்பு வாஷரை ஒரு தடவை முறுக்கினா அது இறுகிடும், மறுபடி போட்டா சரியா அடைக்காது. எங்க ஊர் பெரிய மெக்கானிக் அண்ணன் அதைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவச்சு மெதுவாக்கித்தான் திரும்பப் போடுவார். அது சரியான வழி. அவசரத்துக்கு நூல் சுத்திப் போடறது சரியான வழி இல்லை. நூல் பிரிஞ்சு உள்ள போனா நாசில் அடைக்கும்.

ஃபில்டரையே கழட்டிட்டு ஓட்டறவங்களும் உண்டு. 'அடைக்குதுப்பா, எடுத்துட்டேன், இப்ப நல்லா இழுக்குது' என்பாங்க. இழுக்கும்தான். மாமனார் வீட்டு விருந்து மாதிரி கொஞ்ச நாளைக்கு.

'புது இன்ஜின்ல இதெல்லாம் இல்லை'

இதைச் சொன்னா கம்பெனித் தரப்புல ஒரு பதில் வரும். 'இப்ப எல்லாம் காமன் ரெயில், எல்லாம் சென்சார், நீங்க கையே வைக்க வேண்டாம். மணிக்கணக்கு பார்த்து ஃபில்டரை மட்டும் மாத்துங்க, எல்லாம் சரியா இருக்கும்.'

ஓரளவுக்கு உண்மைதான். 2023 ஜனவரியில இருந்து 50 ஹெச்பிக்கு மேல உள்ள ட்ராக்டர்களுக்கு ட்ரெம் 4 புகை விதி வந்தாச்சு. அதுக்காக காமன் ரெயில் இன்ஜின்கள் வருது. புகை குறையுது, டீசலும் மிச்சம். நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா அங்க அழுத்தம் 200 பார் இல்லை, 1600 பாருக்கு மேலயும் போகும். அழுத்தம் கூடினா மண்ணையும் தண்ணியையும் அது பொறுத்துக்கிற சக்தி குறையும். பழைய நாசில் கெட்டா எங்க டவுன் கடையில அரைச்சுக் குடுப்பாங்க. காமன் ரெயில் இன்ஜெக்டர் கெட்டா அந்த விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். அப்ப பாதையைச் சரியா வரையறதோட அவசியம் கூடியிருக்கு, குறையலை.

டீசலும் மாறியிருக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 டீசல். கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியிருக்கு. காத்துக்கு அது நல்லது. ஆனா கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்புல டீசலோட இயற்கையான வழுவழுப்பும் கொஞ்சம் போயிடும். அதைச் சரிக்கட்ட மருந்து சேர்த்துத்தான் பங்க்குக்கு அனுப்பறாங்க, அதுக்குத் தர அளவும் வச்சிருக்காங்க. அதனால பங்க் டீசலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனா அதுல மண்ணெண்ணெய் கலந்தாலோ, தண்ணி சேர்ந்தாலோ, காத்து புகுந்தாலோ தாங்கற இடைவெளி முன்னைவிடக் கம்மி.

'மணிக்கணக்கு பார்த்து மாத்துங்க'ங்கிறதுலயும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அந்த மணிக்கணக்கைப் போட்டவங்க எந்த வயலை நினைச்சுப் போட்டாங்க? புழுதி உழவுல பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியாது. அங்க 250 மணி வேற, கான்கிரீட் தளத்துல ஜெனரேட்டர் ஓடற 250 மணி வேற. கண்ணுக்குத் தெரியற கிண்ணமும் கைக்கு எட்டற ஃபில்டரும் இருந்தா டிரைவரே பார்த்து முடிவு பண்ணுவார். மூடி மறைச்சு வச்சா புத்தகத்தை நம்பறதைத் தவிர வழி இல்லை.

என்ன செய்யலாம்?

மத்தியப் பிரதேசத்துல பூத்னிங்கிற ஊர்ல மத்திய அரசோட பண்ணை இயந்திர பயிற்சி, பரிசோதனை நிறுவனம் இருக்கு. ட்ராக்டர்களை அங்க ஓட்டிப் பார்த்து சக்தி எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்குதுன்னு அறிக்கை குடுக்கறாங்க. அந்த மாதிரி பரிசோதனையில இன்னும் மூணு கேள்வியைச் சேர்க்கணுங்கிறது என் கருத்து. ஒரே ஆள், கையில ரெண்டு ஸ்பேனரோட, முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு ஏர் எடுக்க எத்தனை நிமிஷம் ஆகுது? தண்ணிக் கிண்ணத்தை எதையும் கழட்டாம வடிக்க முடியுதா? டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் எத்தனை இணைப்பு, அதுல எத்தனை கண்ணுக்குத் தெரியுது? இந்த மூணையும் அறிக்கையில அச்சடிச்சா ஷோரூம்ல கேள்வி மாறும். கேள்வி மாறினா வரையற மேஜையிலயும் மாறும்.

வண்டி வாங்கப் போற விவசாயி அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். பானட்டைத் தூக்கச் சொல்லி, டேங்க்ல கை வச்சு, குழாயைப் பிடிச்சுக்கிட்டே நாசில் வரைக்கும் போய்ப் பாருங்க. எங்க கை நுழையலையோ அங்கதான் பின்னாடி காசு போகும். வீட்டுல இருக்கிற வண்டிக்கு இன்னைக்கே செய்யக்கூடியது நாலு. சாயங்காலம் டேங்கை நிரப்பி நிறுத்துங்க. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தண்ணியை வடிங்க. காணாமப் போன கிளாம்புகளை வாங்கி மாட்டுங்க. விறைச்சுப் போன ரப்பர் குழாயை வெடிக்கற வரைக்கும் விடாம மாத்துங்க. நாலுக்கும் சேர்த்து ஆகுற செலவு, பம்பை ஒரு தடவை கழட்டி மாட்டுற கூலிக்குக் கூட வராது.

இன்ஜின் கம்பெனியில வேலை பாக்குற தம்பி தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். வரைபடம் முடிச்சுக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சேறு அடிக்கிற பட்டத்துல ஒரு நாள் ஏதாவது ஒரு கிராமத்துக்கு வாங்க. எங்க ஊருக்கே வந்தாலும் சரி. வண்டியில ஏறி உட்கார வேண்டாம். டிரைவர் ஏர் எடுக்கிறப்போ பக்கத்துல நின்னு டார்ச் மட்டும் பிடிங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல.